ஊனுண்ணி என்றால் யார்?

புலி, சிங்கம், ஓநாய். ஊனுண்ணி என்று சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடகடவென்று அடுக்குவது இவற்றைத்தான். பாடப்புத்தகத்துப் படமும் அப்படித்தான் இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் வளரும் பிள்ளைக்கு இந்த மூன்றும் படத்தில் பார்த்த விலங்குகள். ஆனால் விடியற்காலையில் பாம்பனிலோ மண்டபத்திலோ படகு வந்து அணையும் இடத்துக்குப் போனால், அந்தப் பிள்ளை ஊனுண்ணிகளுக்கு நடுவில்தான் நிற்கும். கூடையில் நெய்மீன், பாறை, கணவாய். தலைக்கு மேலே செம்பருந்து. காலைச் சுற்றி வரும் பூனை. வலையில் சிக்கி, வேண்டாமென்று ஓரமாய் உதறிப் போட்ட சொறிமீன், அதாவது ஜெல்லிமீன்கூட ஊனுண்ணிதான். அதற்குப் பல் கிடையாது, நகம் கிடையாது, கர்ஜிக்கவும் தெரியாது.

அப்படியானால் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது? சொல்லைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஊனும் உண்ணியும்

ஊன் என்றால் தசை, இறைச்சி. உண்ணி என்றால் உண்பது. ஊனை உண்டு வாழும் உயிர் ஊனுண்ணி. நேர்ப்பொருள் அவ்வளவுதான்.

இதில் 'உண்ணி' பிறந்த விதத்தைக் கவனித்தால் வேறு பல சொற்களும் பிடிபடும். வினையின் அடியோடு 'இ' என்ற விகுதியைச் சேர்த்தால், அந்தச் செயலைச் செய்வதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். மீனைக் கொத்துவது மீன்கொத்தி. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி. வானில் பாடுவது வானம்பாடி. அதே வழியில் உண் + இ = உண்ணி. 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூல் விதியை மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே இரண்டு 'ண்' வந்த காரணம் தெரியும். 'உ' தனிக்குறில், அதனால் ஒற்று இரட்டிக்கிறது. ஊன் என்பதில் உள்ள 'ஊ' நெடில். எனவே அங்கே இரட்டிப்பு இல்லை. 'ன்' அடுத்து வரும் 'உ'வோடு இயல்பாகச் சேர்ந்து 'னு' ஆகிறது.

எழுதும்போது பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஊன் வேறு, ஊண் வேறு. 'ஊண் உறக்கம் இல்லாமல் அலைந்தான்' என்கிறோமே, அந்த ஊண் என்பது உணவு. உண் என்ற வினை நீண்டு ஊண் ஆயிற்று, கெடு என்பது கேடு ஆவதைப்போல. ஆகவே மூன்றுசுழி 'ண' போட்டு 'ஊணுண்ணி' என்று எழுதினால் 'உணவை உண்பது' என்று பொருளாகிவிடும். அதில் ஆடும் அடங்கும், புலியும் அடங்கும், நீங்களும் நானும் அடங்குவோம். ஊனம் என்ற சொல்லுக்கும் ஊனுக்கும்கூட உறவு கிடையாது. ஊனம் வடமொழியிலிருந்து வந்தது, குறைவு என்பது அதன் பொருள்.

உண்ணி தனியாக நின்றால் வேறு ஆள். ஆட்டின் காது மடலிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அதற்குப் பெயரே உண்ணி. எட்டுக்கால் உள்ள உயிர், சிலந்திக்கு உறவு. வேறு எந்த அடைமொழியும் இல்லாமல் 'உண்பது' என்று மட்டும் ஒரு பெயர் வாங்கியிருக்கிறது என்றால் அது எப்படிப்பட்ட தீனிக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த உண்ணியை வைத்துத்தான் அறிவியல் தமிழ் ஒரு குடும்பத்தையே கட்டியது. தாவரத்தை உண்பது தாவரவுண்ணி. இரண்டையும் உண்பது அனைத்துண்ணி. இன்னொரு உயிரில் ஒட்டிக்கொண்டு வாழ்வது ஒட்டுண்ணி. அழுகியதிலிருந்து சத்தை உறிஞ்சுவது சாறுண்ணி.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பேச்சில் விலங்கு 'தின்னும்' என்றுதானே சொல்கிறோம்? எறும்புத்தின்னி, பிணந்தின்னிக் கழுகு என்று பழைய பெயர்களும் அப்படியே இருக்கின்றன. ஊன்தின்னி என்று வைத்திருக்கலாமே? வைத்திருக்கலாம், காதுக்கும் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காகப் பிரிக்கும் பழைய வழக்கில், தின்பது என்பது கடித்து மெல்லும் வேலை. சுறா மெல்லுவதில்லை, பிய்த்து விழுங்குகிறது. கொக்கும் நாரையும் மீனை முழுசாக உள்ளே தள்ளுகின்றன. பாம்புக்கு மெல்லவே தெரியாது. அந்தக் கணக்கில் உண்ணி என்று வைத்தது பொருந்தித்தான் வருகிறது.

தாத்தா காலத்துச் சொல்

அறுபது எழுபது வயதுக்காரர்களைக் கேட்டால் ஊனுண்ணி என்று சொல்ல மாட்டார்கள். 'மாமிச பட்சிணி' என்பார்கள். அவர்கள் படித்த பாடத்தில் அப்படி இருந்தது. மாமிசம் வடமொழி 'மாம்ஸ' என்பதிலிருந்து வந்தது. பட்சிணி என்பதில் உள்ளது 'பக்ஷ்' என்ற வடமொழி வேர், உண்ணுதல் என்று பொருள். தீபாவளிக்குச் செய்கிற பட்சணமும் அதே வேரில் முளைத்ததுதான்.

பட்சிணி என்றதும் பட்சியை, அதாவது பறவையை நினைத்துக்கொண்டு, மாமிசம் தின்னும் பறவை என்று பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பறவையைக் குறிக்கும் பட்சி வேறு வேர், சிறகு என்ற பொருளிலிருந்து வந்தது. வடமொழியில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் வந்த குழப்பம். இந்தச் சொல் இப்போது மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஊனுண்ணி சிறியது, பார்த்ததும் புரிகிறது.

லத்தீனில் ஒரு கூறு

உலகம் முழுக்க அறிவியல் புழங்கும் சொல் கார்னிவோர். ஆங்கிலம் அதை லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. பெயரடையாக 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, விலங்கைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதுவும் நம் சொல்லைப்போலவே இரண்டு துண்டு. முதல் துண்டு 'காரோ', வேற்றுமை ஏற்கும்போது 'கார்னிஸ்' ஆகும். இறைச்சி என்று பொருள். இரண்டாவது 'வொராரே'. உண்ணுதல் என்று அதற்குச் சாதுவாகப் பொருள் சொல்லிவிட முடியாது. அள்ளி விழுங்குதல், வாரி அடைத்தல் என்ற வேகம் அதில் இருக்கிறது. லத்தீன்காரனுக்கு இந்த விலங்கு இறைச்சி விழுங்கி, நமக்கு ஊன் உண்ணி. பெயர் வைப்பதில் நம் ஆட்கள் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

காரோ என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 'வெட்டு' என்ற பொருளுடைய மூத்த வேர் ஒன்றிலிருந்து அது வந்ததாக மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். லத்தீனுக்கு அக்கம்பக்கத்தில் இத்தாலியில் பேசப்பட்ட உம்பிரியன் மொழியில் 'காரு' என்றால் பங்கு, பகுதி. அதாவது முதலில் அந்தச் சொல்லுக்கு இறைச்சி என்ற பொருளே இல்லை. வெட்டி, பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த துண்டு என்பதுதான் பொருள். விலங்கை அறுத்துப் பங்கு வைத்ததால், பங்கு என்ற சொல்லே இறைச்சிக்குப் பெயராகிவிட்டது. நம் ஊர் மீன்கடையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தார்ப்பாயில் குவியல் குவியலாகப் பிரித்து வைத்து, 'ஒரு கூறு நூறு ரூபாய்' என்று விற்கிறார்கள் அல்லவா? கூறு என்றாலும் பங்குதான். 'ரெண்டு கூறு எடுத்துட்டு வா' என்றால் மீன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பழக்கம் இன்னும் சில நூற்றாண்டு நடந்தால் கூறு என்பதற்கே மீன் என்று அகராதியில் பொருள் ஏறினாலும் ஏறும்.

அதே காரோவின் இன்னொரு பிள்ளை கார்னிவல். ஆட்டம் பாட்டம் என்று இன்று பொருள்படும் அந்தச் சொல், 'இறைச்சியை எடுத்துவைத்தல்' என்ற இடைக்கால லத்தீன் தொடரிலிருந்து வந்தது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கினால் இறைச்சி கிடையாது. அதற்கு முந்தைய நாள்களில் ஆசை தீரத் தின்று கொண்டாடித் தீர்ப்பதுதான் கார்னிவல். 'இறைச்சியே, போய் வா' என்று லத்தீனில் விடைகொடுத்ததிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கமும் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சொல்லாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

மீன் ஊனா?

தவக்காலம் என்றதும் தங்கச்சிமடம், ஓரியூர் பக்கத்து வீடுகள் நினைவுக்கு வரும். கத்தோலிக்க ஒழுங்கில் இறைச்சியை விலக்க வேண்டிய நாள்களில் மீனுக்குத் தடை இல்லை. சில வீடுகளில் அதையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள், அது அவரவர் பக்தி. ஆனால் விதிப்படி ஆட்டுக்கறி 'காரோ', மீன் 'காரோ' ஆகாது.

இது ஏதோ ரோமாபுரி விநோதம் என்று நினைக்க வேண்டாம். நம் பேச்சிலும் அதே கோடு இருக்கிறது. 'இன்னிக்கு என்ன, கறியா மீனா?' என்று கேட்கிறோம். கறி என்றால் ஆடு, மிஞ்சினால் கோழி. மீன் அந்தப் பெயருக்குள் வராது. கீழக்கரையில் ஆணம் என்றால் குழம்பு; அங்கே கறி ஆணம் வேறு சட்டி, மீன் ஆணம் வேறு சட்டி. இத்தனைக்கும் சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூற்றில் வருவது மிளகு மூட்டையைத்தான், ஆட்டை அல்ல.

புலால் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. புலால், புலவு இரண்டும் ஒன்றுதான். இறைச்சிக்கும் பெயர், அதன் வாடைக்கும் பெயர். நம் கவிச்சி என்ற சொல் செய்கிற வேலையை அந்தக் காலத்தில் அது செய்தது. நற்றிணை 45-ஆம் பாட்டில், தேரில் வந்து நிற்கும் செல்வனின் மகனிடம் பரதவர் வீட்டுப் பெண்ணுக்காகத் தோழி பேசுகிறாள். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்து, பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிறோம், 'புலவு நாறுதும்', கொஞ்சம் தள்ளியே நில் என்கிறாள். இங்கே புலவு என்பது சுத்தமான மீன் வாடை. கருவாடு காயும் கடற்கரையில் நடந்தவர்களுக்கு உரை தேவையில்லாத வரி. ஆக, புலால் மீனையும் சேர்த்துக்கொள்ளும் சொல். திருக்குறளின் 26-ஆம் அதிகாரத்துக்குப் புலால் மறுத்தல் என்று பெயர். ஆனால் முதல் குறளிலேயே, தன் ஊனைப் பெருக்கப் பிறிதின் ஊனை உண்பவன் எப்படி அருளாளன் ஆவான் என்று ஊன் என்ற சொல்லைத்தான் வள்ளுவர் எடுக்கிறார். அங்கே ஊன் என்பது தட்டில் இருக்கும் இறைச்சி மட்டும் அல்ல, தின்பவனின் உடம்பும் ஊன்தான். இந்த இரட்டைப் பொருளை வைத்துத்தான் அந்தக் குறள் குத்துகிறது.

சரி, உயிரியல் எங்கே கோடு போடுகிறது? எங்கேயும் போடவில்லை. இன்னொரு விலங்கின் உடல் என்றால் அது ஊன். அது மாடாக இருந்தாலும் சரி, மீன், நண்டு, புழு, கொசுப்புழு, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிராக இருந்தாலும் சரி. தேவைப்பட்டால் உள்ளே பிரித்துக்கொள்வார்கள். மீனை மட்டும் தின்றால் மீனுண்ணி, பூச்சியைத் தின்றால் பூச்சியுண்ணி. குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் விரால் அடிப்பான் என்ற கழுகு, ஏறக்குறைய முழுக்க மீனை நம்பியே வாழ்கிறது. மீனுண்ணிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இவை எல்லாம் ஊனுண்ணி என்ற பெரிய கூடைக்குள் அடங்கும் சின்னக் கூடைகள். முதலில் சொன்ன சொறிமீன் ஊனுண்ணி ஆவதும் இப்படித்தான். அதன் தொங்கு நூல்களில் உள்ள நச்சுச் செல்கள் சின்ன மீனையும் மிதவை உயிரையும் மரத்துப்போகச் செய்து வாய்க்கு இழுத்துக்கொடுக்கின்றன.

தொழில் வேறு, குலம் வேறு

தொடங்குகிறவர்களைப் பெரிதும் குழப்பும் இடத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். ஊனுண்ணி என்ற சொல்லை அறிவியல் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஒன்று, மேலே பார்த்த உணவுப் பழக்கம். இன்னொன்று, பாலூட்டிகளில் ஒரு குறிப்பிட்ட வரிசைக்குப் பெயர்: கார்னிவோரா. தமிழில் அதையும் ஊனுண்ணி வரிசை என்றே எழுதுகிறார்கள்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் விலங்குகளை வகைப்படுத்தியபோது, பூனை, நாய், கரடி, கீரி, கடல்நாய் போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்து 'ஃபெரே' என்று பெயரிட்டார். காட்டு விலங்குகள் என்று பொருள். 1821-இல் தாமஸ் எட்வர்ட் பௌடிச் என்ற ஆங்கிலேயர் கார்னிவோரா என்ற பெயரைக் கொடுத்தார், அது நிலைத்துவிட்டது. இன்று அந்த வரிசையில் 280-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

இந்தப் பெயர் ஒரு குலப்பெயர். ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதுதான் சேர்க்கைக்குத் தகுதி, என்ன தின்கின்றன என்பது அல்ல. அந்த மூதாதைக்கு ஒரு அடையாளம் இருந்தது. மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் ஒன்றோடொன்று உரசி, கத்தரியின் இரண்டு அலகுபோல இறைச்சியை நறுக்கும். பூனை எலும்புத் துண்டைத் தலையைச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் வைத்துக் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கத்தரிப் பல்லுக்குத்தான் கொண்டுபோகிறது. எல்லோரும் பயந்து பார்க்கும் கோரைப்பல் பிடிப்பதற்கு மட்டுமே, நறுக்குவது உள்ளே இருப்பதுதான்.

இப்போது நம் பனங்காட்டுக்கு வாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பனை உள்ள இடங்களில் மரநாய் இருக்கும். இரவில் மரமேறி, கட்டியிருக்கும் கலயத்தில் பதநீரையோ கள்ளையோ குடித்துவிட்டுப் போகும். பனையேறிகளுக்கு அதைக் கண்டால் ஆகாது. எலி, பூச்சி என்று அதுவும் பிடிக்கும்தான், ஆனாலும் பழம்தான் அதன் முக்கிய உணவு. பெயரில் நாய் இருந்தாலும் நாய்க் குடும்பம் கிடையாது, புனுகுப்பூனையின் குடும்பம். குலத்தால் அது கார்னிவோரா. தொழிலால் பாதிக்கு மேல் பழக்காரன். இந்த வரிசையிலேயே மூங்கிலைத் தின்று காலம் தள்ளும் பாண்டா கரடியும் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓங்கில், அதாவது டால்பின். மீன், கணவாய் போன்றவற்றைத் தின்றே வாழும் அசல் ஊனுண்ணி. ஆனால் கார்னிவோரா வரிசையில் அதற்கு இடமில்லை. குளம்புள்ள விலங்குகளின் வழியில் வந்தது அது. நீர்யானை அதற்கு நெருங்கிய உறவு, ஆடும் மாடும் தூரத்து உறவு. மேய்கிற சொந்தக்காரர்களில் ஒரு கிளை கடலுக்குள் போய் வேட்டைக்கு மாறிவிட்டது. அதே மன்னார் வளைகுடாவில், அதே நீரில், கடற்புல்லை மேயும் ஆவுளியா இருக்கிறது. கடல்பசு என்று நாம் அழைத்தாலும் அது பசுவுக்கு உறவில்லை, யானைக்குத்தான் உறவு. பசுவின் உறவுக்காரனான ஓங்கில் மீனைத் துரத்துகிறது, பசு என்று பேர் வாங்கிய ஆவுளியா நாளுக்கு முப்பது கிலோவுக்குக் குறையாமல் புல்லைப் பிடுங்கித் தின்கிறது. பெயரை நம்பிக் குலத்தை முடிவுசெய்தால் கடலில் எதுவுமே சரிவராது.

ஆகவே யாராவது 'ஊனுண்ணி' என்று எழுதியிருந்தால், உணவைச் சொல்கிறாரா, வரிசையைச் சொல்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பாம்பு, பருந்து, சுறா, சிலந்தி எல்லாம் முதல் பொருளில் ஊனுண்ணிகள். இரண்டாவது பொருளில் ஒன்றுகூட இல்லை.

பூனையும் நாயும்

கார்னிவோராவுக்குள்ளேயே இறைச்சியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. பூனையையும் நாயையும் பக்கத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும்.

டீக்கடை வாசலில் நாய்க்கு பன் போட்டால் தின்றுவிட்டு வாலாட்டும். சோறு, ரொட்டி, பிஸ்கெட் எல்லாம் அதற்குச் செரிக்கும். மனிதரோடு வாழ வந்த பிறகு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு நாயிடம் ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. பூனை அப்படி மாறவில்லை. டாரின் என்ற ஒரு சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும், அதைத் தேவையான அளவு தன் உடலிலேயே செய்துகொள்ளவும் அதனால் முடியாது. டாரின் இறைச்சியிலும் மீனிலும்தான் போதுமான அளவு கிடைக்கும், செடிகொடியில் கிடைக்காது. (1827-இல் காளைமாட்டின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் காளைக்கு டாரஸ் என்று பெயர், அதனால் டாரின்.) பூனைக்கு இனிப்புச் சுவை தெரியவும் தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதனிடம் பழுதாகிக் கிடக்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கட்டாய ஊனுண்ணி என்கிறார்கள். வீட்டில் சைவம் என்பதால் பூனையையும் தயிர்ச்சோற்றிலேயே வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பூனைக்கு நல்லது.

சைவம், அசைவம் என்று நாம் சொல்வதுகூட விலங்குகளுக்குப் பொருந்தாத சொல். சைவம் ஒரு சமயத்தின் பெயர், பிறகு அது உணவின் பெயராகி, அதற்கு எதிர்ச்சொல்லும் முளைத்தது. 'சிங்கம் அசைவம்' என்று சில குழந்தைப் புத்தகங்களில் பார்க்கிறேன். சிங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததுபோல் ஒலிக்கிறது.

குடலும் ஒரு சாட்சி. இலைதழையைச் செரிக்க நேரம் வேண்டும், இடம் வேண்டும். நம் மாவட்டத்துப் பெயரையே தாங்கிய ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிக்கு நான்கு அறை இரைப்பை. குடலோ உடல் நீளத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேல். பூனையின் குடல் உடலைப்போல் நான்கு மடங்குதான். இறைச்சி சீக்கிரம் கரையும், நீளமான குடல் தேவைப்படாது.

சங்கு தின்னும் சாப்பாடு

கடலுக்குள் போனால் ஊனுண்ணியை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ராமேஸ்வரத்துச் சங்குக் கடையில் இரண்டு சங்குகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று, கோயிலில் ஊதும் வெண்சங்கு. இன்னொன்று, விரல் விரலாக நீட்டிக்கொண்டு பார்க்கவே முரடாக இருக்கும் ஐவிரல் சங்கு. இதில் எது ஊனுண்ணி என்று கேட்டால் பெரும்பாலும் ஐவிரல் சங்கைத்தான் காட்டுவார்கள். உண்மையில் அது பாசி மேயும் சாது. பூசையறையில் இருக்கும் வெண்சங்குதான் உயிரோடு இருந்தபோது மணலுக்குள் ஒளிந்த புழுக்களைத் தேடித் தின்றது. இந்தச் சங்கு குளிப்பை நம்பித்தான் இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்திருக்கின்றன.

கூம்புச் சங்கு இன்னும் ஒரு படி மேலே. அதன் பல் ஒன்று ஈட்டியாகவே மாறியிருக்கிறது, நஞ்சோடு. சில இனங்கள் புழுவையும், சில மற்ற நத்தையையும், சில மீனையுமே குத்திப் பிடிக்கின்றன. நத்தை மீனைப் பிடிக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? உயிருள்ள கூம்புச் சங்கை அழகாயிருக்கிறதென்று கையில் எடுக்கக் கூடாது என்பது அதனால்தான். பசிபிக் கடல் பக்கத்துக் கூம்புச் சங்கு ஒன்றின் நஞ்சைப் பார்த்துச் செய்த வலிமருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆமைகளைப் பார்த்தால் வயதும் கணக்கில் வருகிறது. பேராமை குஞ்சாக இருக்கும்போது சின்னச் சின்னக் கடலுயிர்களையும் தின்கிறது, வளர்ந்ததும் கடற்புல்லுக்கும் பாசிக்கும் மாறிவிடுகிறது. அழுங்காமைக்குப் பிடித்தது கடற்பஞ்சு. பார்க்கச் செடிபோல் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் பஞ்சு ஒரு விலங்கு, எனவே அழுங்காமையை ஊனுண்ணிப் பக்கம்தான் வைக்க வேண்டும். பவளமும் அப்படியே. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கல்லாய்க் கிடப்பதாக நாம் நினைக்கும் பவளம், இரவில் குட்டிக் கைகளை நீட்டி மிதவை உயிர்களைப் பிடிக்கிறது. பகலில், தன் உடம்புக்குள் குடிவைத்திருக்கும் பாசி சமைத்துத் தருவதைத் தின்கிறது. அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி தருவதுதான். அதை எந்தக் கூடையில் போடுவது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல யாராலும் முடியாது.

இந்தப் பாகுபாடு பரீட்சைக்கு மட்டும் பயன்படுவது என்று நினைத்தால், மண்டபத்தில் கூண்டில் மீன் வளர்ப்பவர்களைக் கேட்க வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலைக் கூட்டில் வைத்து முட்டையிட வைத்து, குஞ்சு உற்பத்தி செய்தது. அதன் பிறகு கூண்டு வளர்ப்பு இந்தப் பக்கம் பரவியது. கடல் விரால் வேகமாக வளரும், நல்ல விலை போகும். ஆனால் அது ஊனுண்ணி. அதற்கு மீனைத்தான் போட வேண்டும், அல்லது மீன்தூள் கலந்த தீவனம். ஒரு கிலோ விராலை எடுக்க அதைவிடப் பல கிலோ சூடையும் சாளையும் உள்ளே போகும். வலையில் சின்ன மீன் குறைந்த மாதத்தில் தீவனச் செலவு ஏறிவிடும். அதே கரையில் மிதவை கட்டிக் கடற்பாசி வளர்க்கும் பெண்களுக்கு இந்தக் கவலை கிடையாது. பாசிக்குத் தீனி வாங்க வேண்டாம், வெயிலும் கடல்நீரும் போதும். அவர்கள் பயப்படுவது வேறு ஒரு விருந்தாளிக்கு: பாசியை மேய வரும் ஓரா மீன். அது சுத்தமான தாவரவுண்ணி.